கட்டிப்போட்ட புள்ளி

பத்தாம் வகுப்பு, கணக்குப் பீரியட். திருவனந்தபுரத்தில் தமிழ்வழி வகுப்புகள் உள்ள ஒரு பள்ளியின் கடைசி பெஞ்சில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். டீச்சிங் பிராக்டிஸுக்கு வந்த பி.எட். மாணவி ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம், அதில் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருள். ஒரு வட்டம், அதன் விட்டம், வட்டத்தின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து விட்டத்தின் இரண்டு முனைகளுக்கும் கோடு. மவுஸால் புள்ளியைப் பிடித்து வட்டத்தைச் சுற்றி ஓட்டினார். புள்ளி எங்கே போனாலும் கோணம் 90 பாகையிலேயே நின்றது. "எத்தனை?" என்று கேட்கக் கேட்க, "தொண்ணூறு" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜன்னலோரப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், அந்தப் புள்ளி வெளியே வராதா?"

"வராது. வட்டத்து மேலேயே நிக்கிற மாதிரிதான் வச்சிருக்கேன்."

உட்கார்ந்துவிட்டான். பாடம் அடுத்த ஸ்லைடுக்குப் போனது.

அன்றைய வகுப்பில் எழுந்த உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். கேரளத்தின் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூல் அந்த இடத்தைச் சுற்றியேதான் பாடத்தை அமைத்திருக்கிறது: புள்ளி வட்டத்துக்கு வெளியே போனால் கோணம் 90க்குக் கீழே இறங்கும், உள்ளே வந்தால் 90க்கு மேலே ஏறும், வட்டத்தின் மேல் மட்டுமே சரியாக 90. வெளியையும் உள்ளையும் பார்த்த பிறகுதான் அந்த 90 ஒரு கண்டுபிடிப்பாகிறது. பார்க்காவிட்டால் அது டீச்சர் சொன்ன ஓர் எண், அவ்வளவே. புள்ளியை வட்டத்திலிருந்து அவிழ்த்துவிட ஜியோஜீப்ராவில் ஒரு கருவியே இருக்கிறது. இரண்டு கிளிக் வேலை. அது அந்த மாணவிக்குத் தெரியாதா என்றால், தெரியும். பள்ளி நாளிலிருந்தே அவருக்குப் பழகிய மென்பொருள். பிறகு ஏன் கட்டியே வைத்திருந்தார்? வீடு திரும்பும் வழியெல்லாம் இதுவே மண்டையைக் குடைந்தது.

அவருடைய பள்ளி வருடங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025இல் பி.எட். சேர்ந்த ஒருவர் இடையில் தடங்கல் இல்லாமல் படித்திருந்தால் 2017–18இல் எட்டாம் வகுப்பு. கேரளத்தில் ஹைடெக் பள்ளித் திட்டம் தொடங்கியது 2018 ஜனவரியில். எட்டு முதல் பன்னிரண்டு வரை 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர், ஸ்பீக்கர் என்று வந்து இறங்கியது. சுவரில் படம் விழுந்த முதல் வகுப்புகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். 2020 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிக்கொண்டிருந்தபோது ஊரடங்கு வந்தது. மிச்சத் தாள்களை மே கடைசியில் முகக்கவசத்தோடு எழுதினார்கள். பிளஸ் ஒன் ஏறத்தாழ முழுக்கத் திரையில். அந்தத் தேர்வை மட்டும் நேரில் எழுத வேண்டிவந்தது, அதுவும் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 2021 செப்டம்பரில். பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1இல். கல்லூரி, அதன்பின் பி.எட். இந்த மாநிலத்தின் கல்வித் தொழில்நுட்பத்தை மாணவராக இருந்து முழுசாக அனுபவித்த முதல் தலைமுறை இப்போதுதான் சாக்பீஸைக் கையில் எடுக்கிறது.

கல்வித் தொழில்நுட்பம் இந்த ஊருக்குப் புது விஷயமும் இல்லை. 1963 நவம்பர் 21இல் இதே ஊரின் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் போனதை ஒரு முனை என்று வைத்துக்கொண்டால், கல்விக்கென்றே இந்தியா செலுத்திய எடுசாட் செயற்கைக்கோள் (2004 செப்டம்பர் 20) இன்னொரு முனை. அதைச் சுமந்து சென்ற ஜி.எஸ்.எல்.வி. தும்பாவின் விக்ரம் சாராபாய் மையத்தில் உருவானது. அடுத்த ஆண்டு ஜூலை 28இல் எடுசாட்டை நம்பி விக்டர்ஸ் கல்விச் சேனல் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் தும்பாவில் வேலை பார்த்துப் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அதற்கு முன்பே, விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் யோசனையை ஒட்டி 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் வந்திருந்தது. 2017இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமானது, தலைமையிடம் பூஜப்புரை. பாடநூல் எழுதும் எஸ்.சி.இ.ஆர்.டி.யும் அதே பூஜப்புரையில்தான். பாடம் எழுதுகிறவர்களும் அதைத் திரைக்குக் கொண்டுபோகிறவர்களும் ஒரே டீக்கடையில் சந்தித்துக்கொள்ளலாம். பெரிய வசதி இது.

கேரளத்தின் கதையில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது கருவிகளின் எண்ணிக்கை இல்லை. ஐ.டி. அட் ஸ்கூல் தொடக்கத்திலேயே ஒரு முடிவு எடுத்தது: ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் பள்ளி ஆசிரியர்களாகவே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து டை கட்டி ஒருவர் வந்து நடத்தவில்லை. பக்கத்துப் பள்ளிக் கணக்கு வாத்தியார்தான் மாஸ்டர் டிரெய்னராக வந்தார். எட்டாம் பீரியடில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு முடிவு கட்டற்ற மென்பொருள். 2001இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தது இதே திருவனந்தபுரத்தில்தான். சில ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு மாறின. எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. தேர்வே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஜியோஜீப்ரா ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து சேர்ந்தது அந்த வழியில். பணம் மிச்சமானதைத்தான் பலரும் சொல்வார்கள். என் கணக்கில் அது இரண்டாம்பட்சம். பள்ளியில் இருக்கும் கருவியைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு நகல் எடுத்துப் போகலாம் என்ற உரிமைதான் முதல். புள்ளியை அவிழ்த்துவிடும் உரிமையும் அதில் அடக்கம்.

உரிமை இருந்தும் கை ஏன் போகவில்லை?

கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி 2001இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'டிஜிட்டல் நேட்டிவ்' என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார். கணினியோடு பிறந்தவர்களுக்கு அது தாய்மொழி, நமக்கெல்லாம் குடியேறியவர்களின் கொச்சை மொழி என்பது அதன் சாரம். கேட்பதற்கு நன்றாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு தனி இனம் அகப்படவில்லை. பால் கிர்ஷ்னரும் பெட்ரோ டி புருக்கெரும் 2017இல் வெளியிட்ட கட்டுரை இதை வெறும் கட்டுக்கதை என்றே சொல்லிவிட்டது. நம் வீடுகளிலேயே பார்க்கலாம். பத்து வயதில் யூடியூபில் வீடியோ தேடி எடுக்கும் பிள்ளைக்கு, ஒரு கோப்பை எந்த ஃபோல்டரில் சேமித்தோம் என்று இருபது வயதிலும் தெரிவதில்லை.

என் கேள்விக்குப் பதில் இதைவிடப் பழைய ஒரு நூலில் கிடைத்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய நூல் அது. வேறெந்தத் தொழிலுக்கும் இல்லாத ஒரு விசித்திரம் ஆசிரியத் தொழிலுக்கு உண்டு என்கிறார். டாக்டராகப் போகிறவர் அதற்கு முன் டாக்டரின் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உட்கார்ந்திருப்பதில்லை. ஆசிரியராகப் போகிறவரோ பள்ளியை முடிப்பதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பார்ப்பது பெஞ்சிலிருந்து. ஆசிரியர் செய்வது தெரியும்; ஏன் செய்தார், முந்தின இரவு எதை எடுத்தார், எதை விட்டார் என்பது தெரியாது. பயிற்சிக் கல்லூரி இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுப்பதைவிட இந்தப் பெஞ்சுப் படிப்பு ஆழமாக இறங்கிவிடுகிறது. நெருக்கடி என்று வந்தால் கை தானாகப் பழைய வாத்தியாரைத்தான் தேடும்.

என் தலைமுறைக்கு அந்தப் பழைய வாத்தியார் கரும்பலகையும் பிரம்பும். இந்த மாணவியின் பழைய வாத்தியார் புரொஜெக்டர். ஹைடெக் வகுப்பறை வந்த புதிதில் ஆசிரியர்களே தடுமாறிக்கொண்டிருந்தார்கள். கைட்டின் பாடவளத் தளமான சமக்ரா போர்ட்டலில் இருந்து எடுத்த காட்சியைப் போடுவது, பிள்ளைகள் பார்ப்பது, அணைப்பது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தத் தடுமாற்றத்தைத்தான் எட்டாம் வகுப்புப் பெஞ்சிலிருந்து அந்தப் பெண் 'இப்படித்தான் நடத்த வேண்டும்' என்று படித்துக்கொண்டார்.

அதன் மேல் வந்து படிந்தது பெருந்தொற்றுக் காலம். 2020 ஜூன் 1இல் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. டிவியும் இணையமும் எட்டாத பிள்ளைகள் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுப்பு சொன்னதும், வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்தார்கள். முதல் நாள் ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன ஆசிரியை ஒரே நாளில் கேரளம் முழுக்கப் பேசப்பட்டார். அவரை அசிங்கமாகக் கேலி செய்தவர்கள் மீது போலீஸ் வழக்கும் பதிவானது. மலையாளத்தோடு நிற்காமல் தமிழ்வழி, கன்னடவழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் தயாராயின. தமிழ் வகுப்புகளைப் பாலக்காட்டு கைட் அலுவலகத்தின் யூடியூப் சேனலில் பார்க்க முடிந்தது. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருப் பிள்ளையும் மூணாறு எஸ்டேட் பிள்ளையும் ஒரே தமிழ் டீச்சரிடம் பாடம் கேட்டது வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

இருந்தாலும் அந்த வகுப்புகளில் ஒரு மௌனம் இருந்தது. ஆசிரியர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்பார். இரண்டு மூன்று நொடி நிறுத்துவார். "ஆமாம், சரி" என்று மேலே போவார். அந்தப் பக்கம் யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குக் கேட்காது. வேறு வழியும் இல்லை. பிளஸ் ஒன் முழுக்க அந்த மௌனத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள், நாற்பது பேர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் அதே மாதிரி கேட்டு, அதே மாதிரி நிறுத்தி, அதே மாதிரி மேலே போவதைப் பார்க்கிறேன். கேள்விக்குப் பின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்தார். சராசரி ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வேண்டாத, செலவே இல்லாத தொழில்நுட்பம் அது. அதைப் பழக்குவதுதான் சிரமம்.

பயிற்சிக் கல்லூரிகள் என்ன செய்கின்றன? தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி 2015 முதல் பி.எட். இரண்டு வருடமானது. தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றிய விமர்சனபூர்வமான புரிதல் என்று தனியாக ஒரு தாளும் வந்தது. பெயரில் விமர்சனம் இருக்கிறது. நடப்பில் பல இடங்களில் அது ஸ்லைடு தயாரிப்பாகவும் பிளாக் தொடங்குவதாகவும் சுருங்கி, ரெக்கார்டு புத்தகத்தில் ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டாக முடிகிறது. புன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2006இல் சொன்னது வேறு. கருவியறிவு தனி, பாட அறிவு தனி, கற்பிக்கும் அறிவு தனி. மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் தாமாக ஒன்றுசேராது. குறிப்பிட்ட ஒரு பாடத்தின் குறிப்பிட்ட ஒரு முடிச்சில் மூன்றும் உரசும் இடத்தில்தான் ஆசிரியரின் அறிவு இருக்கிறது. இந்தக் கொள்கையை விளக்க எத்தனையோ வட்டப்படங்கள் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளி போதும். அதைக் கட்டுவதா அவிழ்ப்பதா என்ற முடிவைக் கணக்குத் தெரிந்தவர் மட்டும் எடுத்துவிட முடியாது, மென்பொருள் தெரிந்தவராலும் முடியாது. ஜன்னலோரப் பையனையும் சேர்த்துத் தெரிந்தால்தான் முடியும்.

தமிழ்வழியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதே பள்ளியில் முந்தின வாரம் நடந்தது. பழைய ஆசிரியர் ஒருவர் அன்போடு கொடுத்த பாடக்குறிப்புக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து திறந்தார் அந்த மாணவி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு. பள்ளி லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியை அரைப்புள்ளி விசையில்தான் அடிப்பார்கள், ஆகவே தமிழ் போய்விட்டாலும் புள்ளிகள் மட்டும் அரைப்புள்ளிகளாகத் தப்பிப் பிழைத்திருந்தன. வகுப்பு சிரித்தது. முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி, "போர்டுல எழுதுங்க டீச்சர், நாங்க பார்த்து எழுதிக்கிறோம்" என்றாள். எழுதினார். எழுதியபடியே பேசினார், திரும்பிப் பார்த்தார், அழித்து மாற்றினார். அவர் நடத்தி நான் பார்த்த வகுப்புகளில் அதுவே நல்ல வகுப்பு.

யூனிகோடில் தமிழ் 1991இலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். இருந்தும் தமிழ் ஆசிரியர்களின் பென் டிரைவ்களில் இருபது வருடத்து உழைப்பு பழைய எழுத்துருக்களுக்குள் பூட்டிக்கிடக்கிறது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பயிற்சி ஆசிரியர் தேடினால் தயார்ச் சரக்குக் கொட்டிக்கிடக்கும். தமிழ்வழிக்கு, அதுவும் கேரளப் பாடநூலுக்கு என்றால், தானே செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் காணொளியை எடுத்துப் போட்டால் கலைச்சொல் மாறும், பாட வரிசை மாறும். இதைக் குறை என்றுதான் எல்லோரும் முறையிடுகிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தயாராகக் கிடைக்காதவர்தான் தானே செய்யப் பழகுகிறார்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கைட் 2024 மே மாதம் முதல் 80,000 ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கத் திட்டமிட்டுத் தொடங்கியது. அதே ஆண்டு ஏழாம் வகுப்பு ஐ.சி.டி. பாடநூலிலும் அது பாடமாக நுழைந்தது. லெசன் பிளான் எழுதித்தரச் சொன்னால் அரை நிமிடத்தில் எழுதித்தருகிறது, நல்ல தமிழிலேயே. பி.எட். மாணவர்கள் அதை வாங்கி ரெக்கார்டில் ஒட்டுகிறார்கள் என்று கல்லூரி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதும் வழக்கம் ஆசிரியப் பயிற்சியைப் போலவே பழையது. அந்த லெசன் பிளானில் ஜன்னலோரப் பையன் இல்லை என்பதுதான் விஷயம். சீனியரின் ரெக்கார்டிலும் அவன் இருந்ததில்லை.

இந்தத் தலைமுறையிடம் எங்களிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. 2018இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' சங்கங்களில் இருந்த பிள்ளைகள் அனிமேஷன் செய்தார்கள், பள்ளிக் கருவிகளைப் பராமரிக்க உதவினார்கள். அவர்களுக்கு அடுத்து வந்த பிள்ளைகள் 2022இல் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பும் எடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்க்காமல் எதிரே நின்று சொல்லிக்கொடுத்த அனுபவம் அது. பதினான்கு வயதில், அடுப்படியில் இருந்து வந்த அம்மாவுக்கு ஓ.டி.பி. என்றால் என்னவென்று புரியவைத்தவளுக்கு, புரியாத முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். பி.எட். வகுப்பில் முதல் நாளே லிட்டில் கைட்ஸில் இருந்தவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி, அந்த அனுபவத்தைப் பேசவைக்கலாம். நான் அறிந்து யாரும் கேட்பதில்லை.

போனும் இருக்கிறது. மைக்ரோ டீச்சிங் 1960களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தபோது அதன் உயிரே வீடியோ கேமரா: ஐந்து பத்து நிமிடம் நடத்து, உன்னையே பார், மறுபடி நடத்து. நம் கல்லூரிகள் மைக்ரோ டீச்சிங்கை எடுத்துக்கொண்டு, கேமரா வாங்கக் காசில்லாததால் அதை விட்டுவிட்டன. சக மாணவர் தாளில் டிக் போடுவதோடு முடிந்தது. இன்று ஒவ்வொருவர் பையிலும் கேமரா. ரீல்ஸுக்காகத் தன்னைப் பத்துத் தடவை எடுத்துப் பார்க்கத் தயங்காதவர்கள், பாடம் நடத்துவதை ஒரு தடவை எடுத்துப் பார்க்கக் கூச்சப்படுகிறார்கள்.

அந்த மாணவியிடம் அன்று மாலை இதைத்தான் சொன்னேன். புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வகுப்பைத் தோழியை விட்டுப் போனில் எடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் முகம் வேண்டாம், உங்கள் குரல் போதும், ராத்திரி கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். "சார், என் குரலை நானே கேட்டா சிரிப்பு வரும்" என்றார்.

நான்கு நாள் கழித்து அதே வகுப்பின் வேறு டிவிஷனில் அதே பாடம். இந்த முறை புள்ளி அவிழ்ந்திருந்தது. மவுஸை முன்பெஞ்சில் கொடுத்துவிட்டு அவர் ஓரமாக நின்றார். ஒருவன் புள்ளியை வெளியே இழுத்தான், 71 ஆனது. உள்ளே தள்ளினான், 112. "தொண்ணூறுல நிறுத்து" என்றது வகுப்பு. வட்டத்துக் கோட்டின் மேல் கொண்டுவைத்தான். 89.7. கொஞ்சம் நகர்த்தினான். 90.2. கோட்டின் மேல்தான் இருக்கிறது என்றது ஒரு கட்சி. இல்லை, துளி உள்ளே இருக்கிறது என்றது இன்னொரு கட்சி. பெரிதாக்கிப் பார் என்றாள் ஒருத்தி. பெரிதாக்கினார்கள்; கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. இன்னும் பெரிதாக்கு என்று கத்தினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். பயிற்சி மாணவி ஒன்றும் சொல்லாமல் நின்றார். மூன்று நொடிக்கு மேலேயே இருக்கும்.

பெல் அடித்துவிட்டது. லெசன் பிளானில் மிச்சம் நான்கு ஸ்லைடு. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ரெக்கார்டைத் திறந்தவர், 'பாடம் முடிக்கப்பட்டதா' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார்.